முதல் கேள்வி: எந்தக் காலேஜ்?

அங்கீகாரம் பெற்ற எந்த மருத்துவக் கல்லூரியில் படித்தவரும் விண்ணப்பிக்கலாம் என்பது விதி. எண்பதுகளில், மருத்துவர்களை ஆராய்ச்சியாளர்களாக்கும் பயிற்சி ஒன்றுக்கு, சிறிய மாவட்டக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்த என் மகள் விண்ணப்பித்தாள். தார்நாகாவில் எங்கள் பக்கத்து வீட்டு விஞ்ஞானி தேர்வுக் குழுவில் இருந்தார். "விதி உங்க பக்கம் சார், நானும் இருக்கேன்ல?" என்றார்.

நேர்காணல் முடிந்து வந்தவள், "நக்கோப்பா, வேணவே வேணாம், இனி ரூல் பேசாதீங்க. காலேஜ் பேரைக் கேட்டதும் சிரிச்சாங்க. முதல்ல சிரிச்சது உங்க ஃப்ரெண்டுதான்" என்றாள்.

அவள் தேர்வாகவில்லை. விதி எண்ணைக் குறிப்பிட்டுத் தேர்வுக் குழுவிடம் விளக்கம் கேட்டேன். முறைப்படி நினைவூட்டல்களும் அனுப்பினேன். நண்பர் தினமும் வணக்கம் மட்டும் தவறாமல் சொன்னார்.

இப்போது யார் யோசனை கேட்டாலும், விதியைப் படிக்குமுன் குழுவினர் படித்த கல்லூரிகளை விசாரிக்கச் சொல்கிறேன்.

என் கடிதங்களுக்கு 'அடுத்த ஆண்டு முயலலாம்' என்று பதில் வந்தது, அடுத்த ஆண்டு விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு மறுநாள்.