மூன்று சக்கர்

தொண்ணூறுகளின் நடுவில் வடக்கே கிட்வாய் நகர் அரசாங்கக் குடியிருப்பில் இருந்தோம். முந்தின வருஷம் ஐந்தாம் மாதத்தில் கர்ப்பம் கலைந்திருந்தது. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. இந்த முறை ஆறாம் மாதம் வந்தும் மனைவிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு வாயோடு தட்டை நகர்த்திவிடுவாள். மிச்சத்தை நான் சாப்பிட்டேன். வீட்டில் எடை ஏறியது எனக்கு மட்டும்தான்.

சாயங்காலம் பூங்காவைச் சுற்றி மெதுவாக நடக்கச் சொன்னார் டாக்டரம்மா. மாடி வீட்டுப் பஞ்சாபி அம்மாள் துணைக்குப் போனார். ஒரு வாரத்தில் மனைவி, "ரசம் இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றாள். கரண்டியும் கையுமாக அப்படியே நின்றேன்.

அடுத்த முறை போனபோது டாக்டர், "சக்கர் ஆதா ஹை?" என்று கேட்டார். மனைவிக்கு ஹிந்தி தெரியாது. எனக்குத் தெரியும் என்பது என் அபிப்பிராயம். பூங்காவை ஒரு சுற்று வந்தால் காலனியில் அதற்கு ஒரு சக்கர் என்று பேர். ஆகவே பெருமையோடு, "ஹாங் ஜி, ரோஸ் தீன் சக்கர்" என்றேன், ஆமாம், தினம் மூன்று சுற்று என்று.

அவர் முகம் மாறிவிட்டது. நடையை நிறுத்தி, படுத்தே இருக்கச் சொன்னார். ஏன் என்று கேட்கிற அளவுக்கு என் ஹிந்தி நீளவில்லை.

பத்து நாள் படுத்தாள். வந்த பசி போயே போய்விட்டது. பழைய பயம் வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டது.

ஊருக்குப் போயிருந்த மாடி அம்மாள் திரும்பியதும், மனைவியை நடக்கக் கூப்பிட இறங்கி வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் மனைவியைப் பார்த்து, தலைக்கு மேல் விரலைச் சுழற்றி, கண்ணைச் செருகிக் காட்டினார். மனைவி இல்லையென்று தலையாட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"டாக்டர் கேட்டது தலைசுத்தலையா?"

"அப்படித்தான் போலிருக்கு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தினம் மூணுன்னு."

அவள் சிரிக்கவில்லை. "பத்து நாளா குழந்தைக்கு ஒண்ணுமே போகலைங்க" என்றாள்.

மறுநாள் டாக்டரிடம் ஒப்புக்கொண்டேன். மனைவியின் எடை குறைந்திருந்தது. அவரும் சிரிக்கவில்லை. நாற்காலியை மனைவி பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, சைகையிலேயே எல்லாம் கேட்டார். நடக்கலாம் என்று இரண்டு விரலை மேஜைமேல் நடத்திக் காட்டினார்.

அன்று சாயங்காலம் நடந்துவிட்டு வந்து சாப்பிட்டாள். கொஞ்சம் பொறுத்து, "சாதம் இருக்கா?" என்றாள். என் பங்கு இருந்தது. போட்டேன். அதற்குமேல் மன்னிப்புக் கேட்க எனக்குத் தமிழும் வரவில்லை.