கியர் ஆடுகிறது என்றார்

எழுபதுகளில் என் வீட்டுக்காரர் ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்க அலைந்தபோது, போன இடத்துக்கெல்லாம் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். வண்டியில் பெண்டாட்டிதான் முதலில் ஏறி உட்கார வேண்டும் என்பது அவராக வைத்துக்கொண்ட சம்பிரதாயம். போட்டது போட்டபடி கிடக்க, முணுமுணுத்துக்கொண்டே போவேன்.

பதினைந்து வருடம் அடுத்தவர் லாரியை ஓட்டியவர் அவர். அந்த வருடம் மாசியில் புளி உலுக்க ஏறி, மரத்திலிருந்து விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, நாற்பது நாள் அவிழ்க்கக் கூடாது என்றார். லோடு காத்திருக்கிறது என்று இவர் இருபதாம் நாளே அவிழ்த்தெறிந்தார். அப்படியும் லாரி முதலாளி வேறு டிரைவரைப் போட்டுவிட்டார். இனி சொந்த வண்டி ஓடினால்தான் எங்களுக்குப் பிழைப்பு.

முதல் வண்டியை இண்டூரில் பார்த்தோம். எஞ்சினை நிறுத்தி, கியரைப் போட்டு, கியர் ராடைப் பிடித்து ஆட்டினார். தொளதொளவென்று ஆடியது.

"நியூட்ரல்ல எந்த வண்டியும் ஆடும் புள்ள. கியருல போட்டுத்தான் பாக்கோணும். கொஞ்சம் ஆடுனா அடியில புஷ் தேஞ்சிருக்கும், சின்ன வேலை. எறக்கத்துல ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்ததும் கியர் தானா கழண்டுச்சுன்னா கியர் பெட்டிக்குள்ளயே கோளாறு. அதத் தொடவே கூடாது."

அந்த வண்டியில் இறக்கத்தில் இரண்டு தடவை கியர் கழன்றது. வேண்டாம் என்று வந்துவிட்டோம். எனக்குக்கூட அவர் மேல் பெருமையாக இருந்தது.

அடுத்து அரூரில் ஒரு வண்டி. ஓட்டிப் பார்த்துவிட்டு, கியர் ஆடுகிறது என்றார். மூன்றாவது பாப்பிரெட்டிப்பட்டியில், ஒரு வாழைக்காய் வியாபாரியுடையது. அதையும் ஓட்டிவிட்டு வந்து அதையேதான் சொன்னார்.

"போன மாசந்தானுங்க புது புஷ் போட்டேன்" என்றார் வியாபாரி.

"கையில நிக்கலீங்களே."

இருவரும் எதிரே டீக்கடைக்குப் போனார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. இந்த மனிதருக்கு எந்த வண்டிதான் பிடிக்கும்? டிரைவர் சீட்டுக்கு நகர்ந்து, கிளச்சை மிதித்து, அவர் செய்தது போலவே ராடைத் தள்ளிப் போட்டேன். பிடித்து ஆட்டினேன். அசையவே இல்லை. இன்னொரு கியரில் போட்டேன். அதுவும் அசையவில்லை.

எனக்கான டீயை அவர் எடுத்து வந்தார், வலது கையில். கியர் போட வேண்டிய இடது கை சும்மா தொங்கியது. அந்தக் கையால் அவர் எதையும் தூக்கி நான் பார்த்து மாதக்கணக்காகிறது. சட்டைப் பொத்தானைக்கூட என்னைத்தான் போடச் சொல்வார். கொஞ்சல் என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன், மடச்சி.

"எறங்கு புள்ள. இது ஆவாது."

"ஏனுங்க, கியர் ஆடலீங்க. நான் போட்டுப் பார்த்தேன்."

"உனக்கென்ன தெரியும்?"

வேறு நாளாக இருந்தால் பதிலுக்குப் பதில் கொடுத்திருப்பேன். அன்று அவருடைய இடது கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

"அழுத்திப் புடிங்க."

அவர் பிடித்தார். முகம் சிவக்கப் பிடித்தார். என் விரல்களுக்கு அழுத்தமே தெரியவில்லை.

"சரியாப்போயிரும்னு பாத்தேன்" என்றார், டீக்கடைப் பக்கம் பார்த்தபடி. "எனக்கு வேற வேலை தெரியாதே புள்ள."

அழுதால் வியாபாரி பார்ப்பார். இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கிறோம் என்று அவரிடம் சொல்லிவிட்டு, இடது பக்க சீட்டுக்கு நகர்ந்தேன். அவர் ஏறி வண்டியைச் சாலைக்குக் கொண்டுவந்ததும், ராடின் மேல் இருந்த அவர் கையின் மேல் என் வலது கையை வைத்தேன்.

"கிளச்ச மிதிச்சுட்டுச் சொல்லுங்க."

"ரெண்டு."

இழுத்தேன். கறகறவென்று சத்தம் வந்ததே தவிர கியர் விழவில்லை.

"மெதுவா. இழுத்து அமுக்கு."

விழுந்தது. மூன்றாவது கியர் வெண்ணெயாக இறங்கியது. சித்தேரி மலையைப் பார்த்துப் போகும் சாலையில் ஒரு மைல் போனோம். இறக்கத்தில் அவர் காலை எடுத்தார். கியர் கழலவில்லை. அங்கே ஓரமாக நிறுத்தினார். என் கையை நான் எடுக்கவில்லை, அவரும் எடுக்கச் சொல்லவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் எதையும் கேட்டுச் செய்து பழகாதவர் அவர். வா என்பார், இரு என்பார், அவ்வளவுதான்.

"நாளைக்கும் வருவியா?" என்று கேட்டார்.