பூட்டியபடியே இருந்த பக்கிள்

வெர்லின் ஹாஸ்கெட் ஒரு பேட்டரியைக் கையில் தூக்கிப் பார்த்தே அதற்கு இன்னும் எத்தனை நாள் ஆயுசு என்று சொல்லிவிடுவான் என்பது எங்கள் முகாமில் பேச்சு. அதைப் பரப்பியதில் எனக்கும் பங்குண்டு. செத்துப்போன பேட்டரி ஒன்றின் காதில் அவன் ஏதோ முணுமுணுக்க, அது எழுந்து விளக்கெரித்தது என்று கனடாக்காரத் தம்பதி ஒன்றிடம் நான்தான் சொன்னேன். அவர்கள் நம்பியும் விட்டார்கள்.

உண்மையில் அவன் அயோவாவில் முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட பஸ்களுக்கு மெக்கானிக்காக இருந்தவன். மனைவி போனபிறகு வீட்டைப் பூட்டிவிட்டு, பதினாறடி டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஒவ்வொரு குளிருக்கும் அரிசோனா பாலைவனத்துக்கு வந்துவிடுவான். நாங்கள் எல்லோரும் அப்படித்தான். நவம்பரில் வந்து இறங்கி, மார்ச்சில் வெயில் கடிக்க ஆரம்பித்ததும் கிளம்புகிற கூட்டம். இங்கே கரண்டுக் கம்பி கிடையாது. கூரையில் சோலார் தகடு, டிரெய்லரின் மூக்கில் பேட்டரி, அவ்வளவுதான். பேட்டரி தெரிந்தவன்தான் எங்களுக்கு டாக்டர்.

இன்னொரு வழக்கமும் உண்டு. யாராவது வண்டியைக் கிளப்பினால் பக்கத்து முகாம்காரர் ஒருவர் டிரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். கொக்கி, சங்கிலி, விளக்கு, படிக்கட்டு எல்லாம் சரியாக இருந்தால் பக்கவாட்டுத் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு அடி. அந்த இரண்டு சத்தம் கேட்ட பிறகுதான் ஓட்டுகிறவர் கியரைப் போடுவார். "நான் பார்த்துட்டேன், நீ போகலாம்" என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் அந்த வேலை பெரும்பாலும் வெர்லினுக்குத்தான்.

அந்த ஜனவரியில் ஆர்டித் கோல்பி தன் பேட்டரியை மாற்ற வேண்டியிருந்தது. ஆர்டித் நெப்ராஸ்காவில் கப்பிச் சாலைகளில் முப்பது வருஷம் தபால் வண்டி ஓட்டியவள். எழுபத்தொரு வயது, இடுப்பில் கொஞ்சம் கோளாறு. பதிமூன்றடியில் முட்டை மாதிரி உருண்டையான டிரெய்லர். தூங்கும்போது மூக்கில் மூச்சு மிஷின் மாட்டிக்கொள்ள வேண்டும். பழைய பேட்டரி விடியும்வரை தாங்கவில்லை. ஒமாஹாவில் இருக்கும் மகன் தன் வீட்டின் கீழ்த்தளத்தில் அவளுக்காக ஓர் அறைக்கு வெள்ளையடித்து வைத்துக்கொண்டு, ஊர் சுற்றியது போதும் என்று வாராவாரம் போன் செய்வான். இன்னும் இல்லை என்று அவளும் வாராவாரம் சொல்வாள்.

அவளுக்கு லித்தியம் பேட்டரி ஒன்றின்மேல் கண். கனம் குறைவு, தண்ணீர் ஊற்ற வேண்டாம், உள்ளேயே பெஞ்சுக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம் என்று எங்கேயோ படித்திருக்கிறாள். நாலு மணிக்கு நாங்கள் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காருகிற நேரத்தில் அதைக் கேட்டாள்.

வெர்லின் சிரித்தான். "லித்தியம்ங்கிறது போன்ல வைக்கிற சாமான், ஆர்டித். வீட்டையே நம்பி வைக்கணும்னா கனம் வேணும்."

நாங்களும் சிரித்தோம். பக்கத்து முகாம் கேலன், லித்தியம் பாதி ராத்திரியிலேயே பொறுமையிழந்து கைவிட்டுவிடும் என்றான். அதற்கும் சிரித்தோம். வெர்லின் டோனட் பெட்டியின் மூடியைக் கிழித்துப் பென்சிலால் கணக்குப் போட்டான். அவன் சொன்னது ஆறு வோல்ட் கோல்ஃப் வண்டி பேட்டரி இரண்டு, ஒன்றோடொன்று கோர்த்துப் பன்னிரண்டாக. ஒவ்வொன்றும் முப்பது கிலோ. ஈய பேட்டரியைப் பாதிக்குமேல் வற்றவிடக் கூடாது. அதனால் அந்த இரண்டும் சேர்ந்து எவ்வளவு தருமோ, கிட்டத்தட்ட அவ்வளவையும் பன்னிரண்டு கிலோ லித்தியம் ஒன்றே தரும். கணக்கு அப்படித்தான் வந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு எண் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்தது. மூடியை மெல்லத் திருப்பி அதன்மேல் காபிக் கோப்பையை வைத்துவிட்டான். நான் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை.

ஆர்டித் அவன் சொன்னதையே வாங்கினாள்.

ஈய பேட்டரி வாயு கக்கும், அதனால் வெளியேதான் வைக்க வேண்டும். டிரெய்லரின் மூக்கில், கேஸ் சிலிண்டருக்கு முன்னால், இரும்புத் தட்டு ஒன்றைப் போல்ட் போட்டு இறுக்கி, இரண்டையும் அதில் உட்காரவைத்தான். மேலே குறுக்காக ஓர் ஆங்கிள் இரும்பை வைத்து, இரண்டு பக்கமும் நீளப் போல்ட்டால் தட்டோடு முறுக்க வேண்டும். அதுதான் முறை, அவனே எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த முறை. ஆங்கிள் இருந்தது. அந்த நீளத்தில் போல்ட் இல்லை. நாளைக்கு ஊருக்குப் போய் வாங்கி வருகிறேன், அதுவரை இது தாங்கும் என்று ஆங்கிளை மேலே வைத்து, அதோடு சேர்த்து நைலான் பட்டை ஒன்றைச் சுற்றி பக்கிளைப் பூட்டினான்.

நாளை ஒன்பது நாளானது. வேறு வேலை இருந்ததா என்றால் இல்லை. குதிரை லாடம் எறியும் போட்டியில் ஜெயித்துக்கொண்டிருந்தான்.

பத்தாம் நாள் ஆர்டித் கழிவுத் தொட்டியைக் கொட்டி, தண்ணீர் நிரப்பிவர டிரெய்லரோடு ஊருக்குக் கிளம்பினாள். வெர்லின் காபியோடு ஒரு சுற்று வந்தான். மூக்குப் பக்கம் வந்ததும் நின்றான். பட்டையைப் பார்த்தான். பதினோரு மைல்தானே என்று நினைத்தான். பிறகு பின்னால் போய்த் தகரத்தில் இரண்டு அடி அடித்தான்.

எங்கள் சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். துணி துவைக்கிற பலகை மாதிரி வரிவரியாகக் கிடக்கும். கேலன் ஒருமுறை அதில் ஒரு டஜன் முட்டை கொண்டுபோய், ஊரில் இறங்கும்போது ஆம்லெட்டுக்கு உப்பு மட்டும்தான் போட வேண்டியிருந்தது என்று நான் சொல்லுவேன். அவன் இன்றுவரை மறுத்ததில்லை. அந்த வரிகளில் நாலாவது மைலில், ஆங்கிள் இரும்பின் கூர்முனை நைலானை அறுத்துவிட்டது. முன்பக்க பேட்டரி தட்டிலிருந்து சரிந்து, கேபிளில் தொங்கி, தரையில் இழுபட்டது. கேபிள் இரும்பில் உரசிப் பொறி பறந்து சிலிண்டரின் பிளாஸ்டிக் மூடி கருகியது. பின்னால் வந்த கேலன் ஹார்ன் அடித்து நிறுத்தவைத்து, மண்ணை அள்ளிக் கொட்டினான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இன்னும் ஒரு மைல் போயிருந்தால் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

கேலன் போன் செய்ததும் வெர்லின் தன் வண்டியில் பறந்துவந்தான். உடைந்த பேட்டரியைப் பார்க்குமுன் அவன் கண் தேடியது பட்டையைத்தான். சாலையோரப் புதரில் கிடந்தது. யாரும் கவனிக்காதபோது குனிந்து எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

ஆர்டித் சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள்தான் அவள் பட்டையைக் கழற்றி, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி, மறுபடி மாட்டியிருந்தாள். "பக்கிளை நான் சரியாப் பூட்டல" என்றாள். வெர்லின் குனிந்து அறுந்த கேபிளைச் சுருட்ட ஆரம்பித்தான்.

மறுநாள் அவள் முட்டை டிரெய்லரின் ஜன்னலில் 'விற்பனைக்கு' என்று அட்டை தொங்கியது. ஒரு பக்கிளைப் பூட்டத் தெரியாத கைக்கு ரோடு எதற்கு என்று எங்களிடம் சொன்னாள். மகனுக்கும் போன் போட்டாள். இரண்டு வாரத்தில் வந்து அழைத்துப்போவதாகச் சொன்னானாம். அதைச் சொல்லும்போது தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு வெர்லின் அவளுக்குச் செய்யாத வேலையில்லை. படிக்கட்டைச் சரிசெய்தான். கருகிய மூடியை மாற்றினான். தன் பேட்டரியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்தான். சோள ரொட்டி சுட்டுக் கொடுத்தான், இரண்டு தடவை. தங்கமான மனுஷன் என்று அவள் சொல்லச்சொல்ல அவன் முகம் சுருங்கிக்கொண்டே போனது. லாடம் எறிய வரவில்லை. யாராவது கிளம்பினால் தலைவலி என்று உள்ளே போய்விடுவான். சட்டைப் பையை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்வான். மாரடைப்போ என்று நான் பயந்தேன்.

பேட்டரி விழுந்ததிலிருந்து பதினோராம் நாள், நாலு மணிக்கு வட்டத்துக்கு வந்தான். நாற்காலி கொண்டுவரவில்லை. நேராக ஆர்டித்திடம் போய், சட்டைப் பையிலிருந்து பட்டையை எடுத்து அவள் மடியில் வைத்தான்.

"பக்கிளைப் பாரு."

அவள் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். "பூட்டியிருக்கு."

"நீ பூட்டினது பூட்டினபடியே இருக்கு. அறுந்தது பட்டை. போல்ட் போடுறேன்னு சொல்லிட்டு ஒன்பது நாள் போடாம இருந்தேன். கிளம்புறப்போ பார்த்தேன், ஆர்டித். பார்த்துட்டுத்தான் தட்டினேன்."

கேலன் பீர் டின்னை மெல்லக் கீழே வைத்தான். ஆர்டித் அறுந்த நுனியை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள்.

"இது எத்தனை நாளா உன்கிட்ட இருக்கு?"

"அன்னிக்குக் காலைலேர்ந்து."

"அப்ப அந்த சோள ரொட்டி?"

"அதுவும் இதுக்காகத்தான்."

"நல்ல மனசுன்னு நினைச்சுத் தின்னேன்" என்றாள். "ரொம்பக் காய்ஞ்சுபோயிருந்துச்சு. சொன்னா வருத்தப்படுவியேன்னு சொல்லல."

யாரோ சிரிக்கப் பார்த்தார்கள். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

"பதினொரு நாள், வெர்லின். ஒரு டம்ளரைப் பிடிக்கக்கூட என் கையை நான் நம்பல. நீ எதிர்லயே உக்காந்து பார்த்துக்கிட்டிருந்த."

லித்தியமே போதுமென்று அன்றைக்கே கணக்கில் தெரிந்துவிட்டது என்பதையும் அவனே சொன்னான். அப்போது நான் என் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கணக்கை நானும் பார்த்தேன் என்று அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன், அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்.

ஆர்டித் எழுந்துபோய் ஜன்னல் அட்டையை எடுத்தாள். மகனிடம் வரவேண்டாம் என்று சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. வெர்லினோடு அவள் ஒரு மாதம் பேசவில்லை. லித்தியம் ஒன்றை வரவழைத்து, பெஞ்சுக்கு அடியில் தானே வைத்தாள். தரைச் சட்டத்தில் துளை போட்டு, இரும்புப் பட்டையும் நாலு போல்ட்டும். ஸ்பேனர் கேட்டு கேலனிடம்தான் போனாள், வெர்லினிடம் போகவில்லை. அவன் ஐம்பதடி தூரத்தில் நின்று, வேலை இருப்பது மாதிரி எதையோ துடைத்துக்கொண்டிருந்தான்.

மார்ச்சில் அவள் கிளம்புகிற அன்று, ஓட்டுநர் சீட்டிலிருந்து தலையை நீட்டி, "வெர்லின், ஒரு சுத்து பாரு" என்றாள்.

அவன் பார்த்தான். மல்லாந்து படுத்து அடியில் பார்த்தான், சங்கிலியின் ஒவ்வொரு வளையத்தையும் தொட்டான், உள்ளே போய் பேட்டரியைப் பிடித்து இழுத்தான். நாற்பது நிமிஷம் ஆனது. நான் மூன்று மணி நேரம் என்று சொல்வதுண்டு. கடைசியில் தகரத்துக்கு முன் கையைத் தூக்கினான். அடிக்க வரவில்லை.

"என்ன, தட்டு."

"நீ இறங்கி ஒரு தடவை பாரு, ஆர்டித். எல்லாம் சரின்னு உனக்குப் பட்டா நீயே தட்டிக்கோ."

அவள் இறங்கினாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டே சுற்றி வந்தாள், பெஞ்சைத் தூக்கிப் பார்த்தாள், போல்ட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் திருகிப் பார்த்தாள். பிறகு டிரெய்லரில் ஓங்கி ஓர் அடி, வெர்லின் முதுகில் ஓங்கி ஓர் அடி. இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்டது. ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டுப் போய்விட்டாள்.

வெர்லின் அங்கேயே நின்றான். புழுதி அடங்கும்வரை முதுகைத் தடவிக்கொள்ளக்கூட இல்லை.