இடையே நின்றவள்

மதிய வகுப்பு எடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கோகிலாவின் தம்பி அருள் அழைத்தான். "அக்கா, எங்க அக்கா போயிட்டாங்க" என்றான். எந்த ஊருக்கு என்று கேட்க வாயெடுத்தேன். பயிற்சி வகுப்புகளுக்காக எப்போதும் எங்கேயாவது போய்க்கொண்டிருந்தவள்தானே. அவன் அழத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது. காலையில் தலைவலி என்று படுத்தவளுக்கு மூளையில் இரத்தம் கசிந்து, மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பது வயதுகூட நிறையவில்லை. அழைப்பு துண்டிக்கப்பட்டதும் என் விரல் தானாக அவள் எண்ணைத் தேடிப் போனது. எந்தச் செய்தியானாலும் நான் முதலில் சொல்வது அவளிடம்தான்.

உங்களில் பலருக்கு அவள் பயிற்சியாளராகத்தான் அறிமுகம். வெளிநாட்டிலிருந்து இங்கே வேலைக்கு வருபவர்களுக்கு நம் ஆட்களையும், நம் ஆட்களுக்கு அவர்களையும் புரியவைப்பது அவள் வேலை. எனக்கோ அவள், பல்கலைக்கழகத்துக்குப் போகும் காலாப்பட்டு பஸ்ஸில் துப்பட்டாவைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்திருந்த பெண். சாரம் என்ற பகுதியிலிருந்து வருவாள். அப்பா மில்லில் இருந்தவர். மில் மூடிய பிறகு ஆட்டோ ஓட்டினார். எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டில் ஆய்வேட்டை இருவர் சேர்ந்து செய்யலாம் என்று சொன்னதும் அவள் என்னைக் கேட்கவேயில்லை. தாளில் என் பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டு வந்துதான் சொன்னாள்: "உன் பேரையும் போட்டுட்டேன். கோச்சுக்காத."

பண்பாடுகளுக்கு இடையேயான மேலாண்மை என்பது எங்கள் பாடம். ஊருக்கு வெளியே, பிரெஞ்சுக்காரர் ஒருவர் மேலாளராக இருந்த ஆயத்த ஆடை நிறுவனத்தில் அனுமதி கிடைத்தது. தையல் பெண்கள் அவரை, பிரெஞ்சில் 'ஐயா' என்பதுபோல, 'முசியே' என்றுதான் சொல்வார்கள். முதலில் அவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்தோம். எல்லாரும் எல்லாக் கேள்விக்கும் 'முழுத் திருப்தி' என்று குறித்திருந்தார்கள். நான் மகிழ்ந்து போனேன். அவள் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"நம்ம மனசு நோகக் கூடாதுன்னு எழுதியிருக்காங்கடி. இது பதில் இல்ல, மரியாதை."

அன்றோடு கேள்வித்தாளை விட்டோம். சாப்பாட்டு நேரத்தில் அவர்களோடு உட்கார்ந்து பேச ஆரம்பித்தோம். எங்கள் ஆய்வு உயிர் பெற்றது அப்போதுதான்.

சமர்ப்பிக்கும் நாள் நெருங்கிய நேரம் அது. தையல் பெண்களின் மேற்பார்வையாளர் மல்லிகா கண்கள் சிவக்க மேலாளர் அறையிலிருந்து வெளியே வந்தார். சரக்கு சொன்ன தேதிக்குப் போகவில்லையாம். ஒப்புக்கொண்டு ஏமாற்றிவிட்டதாகச் சொல்லி முசியே வேலையை விட்டுப் போகச் சொல்லிவிட்டாராம்.

"நீங்க என்னக்கா சொன்னீங்க?" என்று கோகிலா கேட்டாள்.

"வெள்ளிக்கிழமைக்கு முடியுமான்னு கேட்டாரு. பாக்கலாம் முசியேன்னு சொன்னேன். அத்தினி துணிய வெச்சுக்கினு வேற எப்பிடிம்மா சொல்றது?"

நமக்கெல்லாம் விளங்கும். அந்தப் 'பாக்கலாம்' முடியாது என்பதற்கு நாம் போர்த்தும் சால்வை. முசியேவுக்கு மொழிபெயர்த்துச் சொன்ன அலுவலக ஆள் அதைச் சம்மதமாக்கியிருந்தார். கோகிலா எழுந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். ஆய்வு செய்ய வந்தவர்கள் நிறுவனத்தின் விஷயத்தில் தலையிடக் கூடாது என்பது அனுமதியின் நிபந்தனை.

"உள்ள போயி பேசினா நம்மளை வெளிய அனுப்பிடுவாரு. உன் ஆய்வேடும் சேந்துதான் போவும். போவட்டுமாடி?"

மல்லிகா அங்கேயே நின்றுகொண்டிருந்தார். "போ" என்றேன். அவள் பின்னாலேயே நானும் போனேன்.

அவள் அவரிடம் குரலை உயர்த்தவில்லை. மல்லிகா பொய் சொல்லவில்லை, முடியாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டார், உங்களுக்கு அது கேட்கவில்லை என்று ஆங்கிலத்தில் நிதானமாக எடுத்துச் சொன்னாள். அவர் முகம் சிவந்தது. "நீங்கள் பார்க்க வந்தவர்களா, பேச வந்தவர்களா?" என்று கேட்டார். மல்லிகாவின் வேலை தப்பியது. எங்கள் அனுமதி போயிற்று. அங்கே திரட்டியதில் ஒரு வரியைக்கூடப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். பஸ்ஸில் நான் அவரைத் திட்டித் தீர்த்தேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, "அவரு மேலயும் தப்பு இல்லடி. அவங்க ஊர்ல முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னாத்தான் மரியாதை" என்றாள்.

உடன் படித்தவர்கள் பட்டமும் வேலையும் வாங்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். பிரெஞ்சுக்கார அம்மாள் ஒருவர் நடத்திய சிறிய பேக்கரி எங்களுக்கு இடம் கொடுத்தது. கோடை முழுவதும் அடுப்பின் வெக்கையில் நின்று அவர்கள் பேசுவதைக் கேட்டோம். மாலையில் கடற்கரைச் சாலைச் சுவரில் உட்கார்ந்து எழுதினோம். எங்கள் இரண்டு வீட்டிலும் ஏச்சு. அவளுக்கு உறுதியாகியிருந்த வேலை வேறொருவருக்குப் போனது. ஆனாலும் எதற்காக ஏங்குகிறாய் என்று இன்று யாராவது கேட்டால், அந்தத் தாமதத்துக்காகத்தான் என்பேன். ஓர் ஆய்வேடு தள்ளிப்போனதால் அவள் எனக்குக் கூடுதலாகக் கிடைத்த காலம் அது.

வாய்மொழித் தேர்வில், நிறுவனம் மாறியதன் காரணத்தை வெளித்தேர்வாளர் கேட்டார். அவள் உள்ளதைச் சொன்னாள். "ஆய்வாளர் தள்ளியல்லவா நிற்க வேண்டும்?" என்றார் அவர்.

"தலைப்பே பண்பாடுகளுக்கு இடையேன்னுதான் சார் இருக்கு. இடையில நிக்காம எப்படி எழுதறது?"

அவர் சிரிக்கவில்லை. மதிப்பெண்ணும் சுமாராகத்தான் வந்தது. பல்கலைக்கழக வாசலில் எனக்குக் கரும்புச்சாறு வாங்கித் தந்துவிட்டு, "பாஸ் ஆயிட்டோம்ல, வா" என்றாள்.

பிறகு அவள் அப்படி இடையில் நிற்பதையே தொழிலாக்கிக்கொண்டாள். புதிதாக வந்திறங்கிய பிரெஞ்சுப் பொறியாளர் ஒருவரை வகுப்பறைக்குப் பதிலாக வைத்திக்குப்பத்துக்கு மீன் வாங்க அழைத்துப் போனாள். விலையைக் கேட்டுவிட்டு 'வேணாம்' என்று இரண்டடி நகர்ந்தாள். மீன்கார அம்மாள், "தே, எங்க போற? வா இப்பிடி" என்று கூப்பிட்டார். அவள் பொறியாளரிடம் திரும்பி, "பாத்தீங்களா? இங்க வேணாம்னா பேச்சு முடியல, இப்பதான் ஆரம்பிக்குது" என்றாள். இதை என்னிடம் அப்படியே நடித்துக் காட்டியபோது, அந்தப் பொறியாளரின் திகைத்த முகத்தையும் சேர்த்து நடித்தாள். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது.

கடைசியாகப் பேசியபோது, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னாள். திருத்த வேண்டிய விடைத்தாள்கள் இருந்தன, அடுத்த வாரம் வருவதாகச் சொன்னேன். அடுத்த வாரம் சாரத்துக்குப் போனேன். தெருவெங்கும் செருப்புகள் கிடந்தன. அவள் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டார். வேறெதுவும் பேச அவரால் முடியவில்லை.

அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு பழக்கம். எந்தக் கூட்டமானாலும் முடிகிற நேரத்தில் அவள் பேனாவை மூடிவிட்டுச் சுற்றிப் பார்ப்பாள். "இதுல யாரு இன்னும் பேசல?" என்று கேட்பாள். கேட்டுவிட்டுக் காத்திருப்பாள், அவசரப்பட மாட்டாள். யாரோ ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பார். இப்போது என் வகுப்புகளில் நானும் அப்படிக் கேட்கிறேன், காத்திருக்கிறேன். மாணவர்கள் ஒவ்வொருவராகப் பேசுகிறார்கள். எல்லாரும் பேசி முடித்த பிறகும், கோகிலா, நீ ஒருத்தி இன்னும் பாக்கி இருப்பதுபோலச் சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் வெளியே வருகிறேன்.