ஜூமாபாய் தெளித்த நீலம்

உலான் காற்று கிளம்பிவிட்டால் ஏரிக்கரை ஊரான பாலிக்சியில் துணி கூடக் காயப்போட மாட்டார்கள். மகன் கல்யாண அவசரத்தில் ஜூமாபாய் அந்தக் காற்றில்தான் வாசல் கதவுக்கு நீலப் பெயிண்டை மெஷின் வைத்துத் தெளித்தார். பாதி கதவுக்கு, பாதி பக்கத்து வீட்டு டாக்ஸிக்காரி அனார்கானின் காருக்கு. வண்டியும் நீலம் என்பதால் உடம்பில் தெரியவில்லை. கண்ணாடியெல்லாம் புள்ளிபுள்ளியாக அப்பிக்கொண்டது.

"என் பெயிண்டுதான்னு எவன் சொன்னான்?" என்றார், நீலக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு.

அனார்கான் காசு கேட்கவில்லை. தப்புதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மனிதர் வாயைத் திறக்காமலே இரண்டு வருஷம் ஓட்டிவிட்டார்.

காரகோல் ரோட்டில் காலை வெயில் நேராக முகத்தில் அடிக்கும். ஒவ்வொரு புள்ளியும் கண்ணைக் குத்தும். நேற்று ஆட்டு மந்தை கிட்டத்தில் வந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. பயணிகள் அலறியது டாக்ஸி ஸ்டாண்டு தலைவன் கேனெஷ் காதுக்கும் போய்விட்டது.

"நாளைக்கும் கண்ணாடி இப்படியே இருந்தா வரிசைல நிக்காதக்கா."

அந்த வரிசைதான் அவளுக்குச் சோறு. போன வருஷம் தின்னர் வைத்துத் தேய்த்ததில் ஜன்னல் ரப்பர் வெந்துபோனதுதான் மிச்சம். இந்த முறை முதலில் மண் போகக் கழுவினாள். சோப்புத் தண்ணீரைத் தாராளமாக ஊற்றி, புது பிளேடைப் படுக்கவைத்து, ஒரே பக்கமாகத் தள்ளினாள். காற்று சோப்பை உலர்த்த உலர்த்த மறுபடி ஊற்றினாள். காய்ந்த கண்ணாடியில் பிளேடு பட்டால் கீறல் விழும்.

ஜூமாபாய் எட்டிப் பார்த்தார். "எதுக்கு இந்தப் பாடு தங்கச்சி? கண்ணாடிய மாத்திரு."

"நீங்க வாங்கித் தர்றீங்களாண்ணே?"

தலை உள்ளே போய்விட்டது. விரல் மரத்துப்போனாலும், இன்று நீயா நானா பார்த்துவிடுகிறேன் என்று பின்கண்ணாடி வரை விடாமல் சுரண்டினாள்.

காலையில் கேனெஷ் கண்ணாடியை விரலால் தடவிப் பார்த்தான். "மொத வண்டி உன்னோடதுதான்க்கா."

முதலில் ஏறியது ஜூமாபாய், காரகோலில் இருக்கும் மகளைப் பார்க்க. ஊர் தாண்டியதும் வெயில் நேரே வந்தது. ரோடு பளிச்சென்று கிடந்தது. அவர் பையிலிருந்து ஒரு புதுத் தலைத்துணியை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"என்னண்ணே இது?"

"புதுசா ஒண்ண மொதமொத பாத்தா கொரும்துக்னு ஒரு பரிசு குடுக்கணும்ல."

"கண்ணாடி பழசுதானே?"

அவர் ரோட்டையே பார்த்தார். "நாந்தானே பழசாக்குனேன்."

அனார்கான் தலைத்துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "அடுத்த தடவ பிரஷ்ல அடிங்க," என்றாள்.