அப்பா கட்டுப் போட்ட சீட்டு

எங்க வீட்டு வெஸ்டர்ன் டாய்லெட்டுல இப்ப யாரும் உக்கார்றதில்ல. நான் கொல்லைப்பக்கம் இருக்கிற இந்தியன் டாய்லெட்டுக்குத்தான் போறேன். முட்டி இன்னும் மடங்குது, புண்ணியம். ஆனாலும் ஞாயித்துக்கிழமை வந்துட்டா அந்த சீட்டை ஈரத்துணியால துடைச்சு, காஞ்ச துணியால ஒத்தி, பின்னாடி இருக்கிற போல்ட்டுக்கெல்லாம் ஒரு சொட்டு தேங்காயெண்ணெய் விட்டுட்டுத்தான் எனக்கு மறுவேலை. "யாருக்குங்க டீச்சர் இதெல்லாம்?"னு பக்கத்து வீட்டு அக்கா கேப்பாங்க. கை பழகிப்போச்சுக்கான்னு சொல்லிடுவேன். அப்பாவுக்குன்னு சொல்ல ஆரம்பிச்சா நடுக்கொல்லையில நின்னு அழுதுடுவேன், அதான்.

அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்துட்டு பென்ஷனோட காரைக்காலுக்கு வந்தவங்க. அப்படி வந்தவங்களை எங்க ஊர்ல சொல்தான்னு சொல்லுவாங்க. தருமபுரத்துல இந்த வீட்டைக் கட்டும்போது சமையக்கட்டு எங்க வரணும், சாமி அறை எங்க வரணும்னெல்லாம் அவங்க கவலைப்படல. அதையெல்லாம் அம்மாகிட்ட விட்டுட்டு, டாய்லெட்டு எங்க வரணும்னு மட்டும் கொத்தனாரோட நாள் பூரா நின்னாங்க. அதுக்கு முன்னாடி எங்க தெருவுல யார் வீட்டுலயும் அது கிடையாது. பொம்பளைங்க எல்லாம் கருவேப்பிலை கேக்குற சாக்குல வந்து எட்டிப் பாத்துட்டுப் போனாங்க. ஒரு அத்தை மூடியைத் தொறந்து பாத்துட்டு, "நாற்காலியில உக்காந்துக்கிட்டா? அட கர்மமே!"ன்னு முந்தானையால வாயை மூடிக்கிட்டாங்க. அம்மா கடைசி வரைக்கும் அதுல உக்காரவே இல்ல. "நாற்காலியில உக்காந்தா எனக்கு காய் நறுக்கத்தான் தோணும், வேற ஒண்ணும் வராது"ன்னுடுவாங்க.

அப்பாவுக்கு அது தனி ராஜ்ஜியம். சீட்டுன்னு சொல்ல மாட்டாங்க, சியேஜ்னு பிரெஞ்சுலதான் சொல்லுவாங்க. கடலோரத்து ஊரு, உப்புக்காத்துல ஆணி கூட துருப்பிடிச்சுடும். அதனால ஞாயித்துக்கிழமை தவறாம ஸ்பேனரும் எண்ணெய்க் கிண்ணியுமா உள்ளே போயிடுவாங்க. ஆசிட் பாட்டில் அந்தக் கதவைத் தாண்டக்கூடாது. சின்னப் பிள்ளையில நான் ஒரு வாளித் தண்ணியை சீட்டு மேலயே ஊத்திக் கழுவிட்டு வந்துடுவேன். "ஏம்மா பாப்பா, இது என்ன குளத்துப் படிக்கட்டா? உக்கார்ற இடம் காஞ்சிருக்கணுமா வேணாமா?"ன்னு துணியைத் தூக்கிக்கிட்டு வருவாங்க. எனக்குத் தலை நரைச்ச பிறகும் அவங்களுக்கு நான் பாப்பாதான்.

அம்மா போனதுக்கப்புறம் வீட்டுல நானும் அப்பாவும்தான். அவங்களுக்கு முட்டி ரெண்டும் போச்சு, கை நடுங்க ஆரம்பிச்சுது, ஸ்பேனர் ஆணியில தொங்கினது தொங்கினபடி. காபி மட்டும் குறையல. டம்ளர்லயெல்லாம் குடிக்க மாட்டாங்க. பிரான்சுலேருந்து கொண்டுவந்த கைப்பிடியில்லாத பெரிய பீங்கான் கிண்ணம் ஒண்ணு உண்டு. காலையில அது நெறைய காபி ஊத்திக்கிட்டு, ரொட்டியைப் பிச்சு முக்கி முக்கித் தின்னுட்டு, மிச்சத்தை ரெண்டு கையாலயும் தூக்கிக் குடிப்பாங்க. சாயங்காலம் இன்னொரு கிண்ணம்.

ஒரு நாள் அதுல பாதி மிச்சம் கிடந்துச்சு. மறுநாளும் பாதி. எனக்கு சுர்ருனு கோவம் வந்துடுச்சு. விடியக்காலம் எந்திரிச்சுப் போடுறது மனுஷியா மாடா? பால்காரரை மாத்தினேன். தூள் வாங்குற கடையை மாத்தினேன். "நல்லாத்தாம்மா இருக்கு, போதும்"னாங்க. "ஆமா, அம்மா போட்டாத்தான் இறங்கும்"னு வெடுக்குனு சொல்லிட்டேன். அவங்க பேப்பரைத் தூக்கி மூஞ்சியை மறைச்சுக்கிட்டாங்க.

அப்புறம் தண்ணியும் கொறஞ்சுது. பக்கத்துல செம்பு வச்சா வச்சபடி இருக்கும். முந்தின கோடையில தண்ணி குடிக்காம மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில கெடந்தவங்க. "இன்னொரு தடவை இப்படி வறண்டு போனா கிட்னி தாங்காதும்மா, பாத்துக்குங்க"ன்னு டாக்டர் என்னைத்தான் கண்டிச்சு அனுப்பினார். அதைச் சொல்லிக் கெஞ்சினேன், மிரட்டினேன். ஊஹூம். மனுஷர் உதட்டை நனைச்சுட்டு வச்சுடுறாங்க.

முட்டி போன பிறகும் தன்னோட டாய்லெட்டை அப்பா தானேதான் கழுவுவாங்க, யாரையும் உள்ளே விட மாட்டாங்க. ஒரு சனிக்கிழமை அவங்க அசந்து தூங்கிட்டிருந்தாங்க, நாமளே கழுவி வைப்போம்னு போனேன். சீட்டோட வலது பக்கத்துல வெள்ளையா ஏதோ சுத்தியிருந்துச்சு. பழைய வேட்டியைக் கிழிச்சு, பட்டாளத்துல காயத்துக்குக் கட்டுப் போடுற மாதிரி ஒண்ணு மேல ஒண்ணா இழுத்துச் சுத்தி, கடைசியில சின்னதா ஒரு முடிச்சு. அந்த நடுங்குற கையோட எவ்வளவு நேரம் கட்டினாங்களோ! அவுத்துப் பாத்தேன். குறுக்கால விரிசல். உள்ளங்கையை வச்சு அழுத்தினா விரியுது, எடுத்தா நறுக்குனு கடிக்குது. கீழ போல்ட்டெல்லாம் துருப்பிடிச்சு சீட்டே ஒரு பக்கமா நழுவுது. அப்பா தொடையில சதையே கிடையாது, வெறும் தோலு. அவங்க ஏன் காபியை மிச்சம் வைக்கிறாங்கன்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுது. குடிச்சாத்தானே அங்க போகணும்! அந்த ஈரத் தரையிலயே உக்காந்து அழுதேன்.

எந்திரிச்சதும் மறுபடி கோவம். அப்பாவை எழுப்பி உக்கார வச்சு, "ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"ன்னு கத்திட்டேன். ஜன்னலையே பாத்துக்கிட்டிருந்தாங்க. "ஒங்கம்மா இருந்தா சொல்லியிருப்பேன். பொம்பளப் புள்ளைக்கிட்ட எப்படிம்மா சொல்றது, அங்க கடிக்குதுன்னு?"

நேரா கடைத்தெருவுக்குப் போனேன். பைப்பு, குழாய், பீங்கான் சாமான் விக்கிற பாய் கடை. "உருண்டையா, முட்டை வடிவமாங்க டீச்சரம்மா?"ன்னு கேட்டார். "வெள்ளை"ன்னேன். சிரிச்சுட்டார். "எல்லாமே வெள்ளைதாங்க. ஒங்களுது பழசு, கண்ணால மதிச்செல்லாம் எடுத்துட்டுப் போயிடாதீங்க. தையக்காரருக்கு அளவு ஜாக்கெட் குடுக்கிறீங்கல்ல? அது மாதிரி பழசைக் கழட்டிக் கொண்டாந்துடுங்க."

வீட்டுக்கு வந்தா போல்ட்டு அசைஞ்சு குடுக்கல. எண்ணெய் விட்டும் பிரயோசனமில்ல. கடைசியில ஆக்சா பிளேடை எடுத்து அறுக்க ஆரம்பிச்சேன். அப்பா டாய்லெட் வாசல்ல பிளாஸ்டிக் சேரைப் போட்டுக்கிட்டு, "பீங்கான்ல படாம, பீங்கான்ல படாம"ன்னு ஒரே பாட்டு. "நீங்க சும்மா இருங்கப்பா!" அறுத்து எடுத்ததுக்கப்புறம்தான் எனக்கு இன்னொண்ணு தோணுச்சு. நான் திரும்பி வர்ற வரைக்கும் அப்பா எங்க போவாங்க? இந்தியன்ல உக்காந்தா எந்திரிக்க ஆளு வேணும். சீட்டு இல்லாத வெறும் விளிம்புல உக்காந்தா சறுக்கிடும். "தாங்குவீங்களாப்பா?"ன்னேன். கொஞ்சம் நெளிஞ்சுட்டு, "ஓடிட்டு ஓடியாம்மா"ன்னாங்க. அதைச் சொன்னதே பெருசு.

கல்யாண வீட்டுல குடுத்த கட்டைப்பையில சீட்டைப் பேப்பர் சுத்தி வச்சேன். பாதி வெளிய நீட்டிக்கிட்டிருந்துச்சு. ஸ்கூட்டர்ல முன்னாடி மாட்டிக்கிட்டு ஓடினேன். பாய் அதை வாங்கி ஒவ்வொரு சீட்டு மேலயும் வச்சு அளந்தார். ஒண்ணு நீளம், ஒண்ணு போல்ட்டு ஓட்டை தள்ளிப் போகுது. பொருந்தினதுல ஒண்ணு அப்பளம் மாதிரி வளைஞ்சுது. இன்னொண்ணு கனமா, விளிம்பு மழமழன்னு, துருப்பிடிக்காத போல்ட்டோட இருந்துச்சு. உள்ளங்கையால ஓங்கி அழுத்தினேன், அசையல. ஆனா என் கை சொல்றதை மட்டும் நம்பி அப்பாவை உக்கார வைக்க முடியுமா?

என் மூஞ்சியைப் பாத்துட்டு பாய், "உக்காந்து பாத்துடுங்களேன். செருப்பு வாங்கினா போட்டுப் பாக்கறதில்லையா?"ன்னு சொல்லிட்டு, கடை வாசல்ல பார்வைக்கு வச்சிருந்த கம்மோடு மேல அதை வச்சுட்டார். கடை வாசல்னா தெருதான். ஆட்டோ போகுது, மீன்கூடை போகுது. நான் இந்த ஊர்ல பாதிப் பேருக்குப் பாடம் எடுத்தவ! ஆனா வீட்டுல அப்பா காலை இடுக்கிக்கிட்டு உக்காந்திருக்கிறது கண்ணுல வந்துச்சு. போங்கடான்னு புடவையைச் சேத்துப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். இப்படி நகந்தேன், அப்படி நகந்தேன், வலது தொடையில பாரத்தைப் போட்டுப் பாத்தேன். கடிக்கல.

"டீச்சர்?" நிமிந்து பாத்தா பக்கத்து வீட்டு அக்கா, காய்ப்பையோட. "என்னங்க, இங்க வந்து உக்காந்திருக்கீங்க?" எனக்குக் காது வரைக்கும் சூடேறிடுச்சு. "ஒண்ணுமில்லக்கா, சும்மா"ன்னேன். கம்மோடுல சும்மா யாராவது உக்காருவாங்களா?

வீட்டுக்கு வந்து மாட்டும்போது இதைச் சொல்லிக்கிட்டே போல்ட்டை முடுக்கினேன். அப்பா முதல்ல நம்பல. "கடைத்தெருவுலயா? எல்லாரும் பாக்கவா?" "ஆமாப்பா. ஆட்டோக்காரன் ஆரன் அடிச்சுட்டுப் போறான்." அவங்க தோளு குலுங்க ஆரம்பிச்சுது. "பாய் செருப்புன்னு சொன்னாரா?" "சொன்னார்." "ஐயோ, சிரிக்க வைக்காதம்மா, அடக்க முடியல!" அம்மா போனதுக்கப்புறம் அப்பா அப்படிச் சிரிச்சு நான் பாக்கல. நான் முடுக்கி முடிக்கவும் கம்பை ஊனிக்கிட்டு உள்ளே போய் கதவைச் சாத்திக்கிட்டாங்க.

சத்தமே இல்ல. நான் ஸ்பேனரைப் பிடிச்சபடி வெளிய நிக்கிறேன். அளவு தப்பிடுச்சோ, நழுவுதோ?

"பாப்பா!" பட்டாளத்துல கூப்புடுற குரல், வீடே அதிருச்சு. "நல்லா இருக்கும்மா! கடிக்கல!"

கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கத்துலேருந்து அக்கா எட்டிப் பாத்தாங்க. "என்னங்க டீச்சர், அப்பா என்னமோ கடிக்கலங்கிறாங்க?"

முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டேன். "சீட்டுக்கா!"ன்னு கத்தினேன். "எங்கப்பாவுக்குப் புது டாய்லெட் சீட்டு! அதுக்குத்தான் கடையில உக்காந்து பாத்தேன்! கடிக்கலையாம்!" உள்ளேருந்து அப்பா சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு.

கதவைத் தொறந்துக்கிட்டு வந்தவங்க, கையைக் கூடத் துடைக்கல. "காபி போடும்மா. கிண்ணம் நெறைய."

உச்சி வெயில்ல யாராவது காபி கேப்பாங்களா? போட்டேன். ரெண்டு கையாலயும் தூக்கிக் குடிச்சுட்டு, வெறும் கிண்ணத்தை என்கிட்ட நீட்டினாங்க.