டாஸ்மேனியா ஒயினும் எங்கள் வீட்டுச் சொம்பும்

பெண் பார்க்க வருகிறவன் பூவும் பழமுமாகத்தானே வருவான்? மெல்போர்னில் வேலை பார்க்கிற இவன், மூன்று பாட்டிலோடு மாரெட்பள்ளியில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினான். கூடவே அவன் அப்பா, அம்மா. கண்ணாடிக் கோப்பைகளைக்கூடப் பெட்டியில் போட்டு எடுத்து வந்திருந்தான். எங்கள் வீட்டு டம்ளர் அதற்கு லாயக்கில்லையாம்.

எனக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. வந்த வரன் எல்லாம் தட்டிப்போய், அப்பாவுக்கு இதுதான் கடைசி நம்பிக்கை. காஞ்சன்பாக் தொழிற்சாலையில் மேலதிகாரியிடமே விறைப்பாக நின்ற மனுஷன், அன்று காலையிலிருந்து என் பின்னாலேயே திரிந்தார். "அவர் எதைக் கொடுத்தாலும் இந்த ஊர்க்காரங்க மாதிரி ஹவ் ஹவ்னு தலையாட்டி வாங்கிக்கோம்மா. மூஞ்சியச் சுளிச்சிடாதே."

"ஆஸ்திரேலியாவிலேயே உசத்தியான ஸ்பார்க்ளிங் ஒயின் இது, டாஸ்மேனியாவில் செஞ்சது. டேஸ்ட் பண்றதுக்கு ஒரு முறை இருக்கு" என்று ஆரம்பித்தான் அவன். துப்புவதற்கு ஒரு பாத்திரம் கேட்டான். அம்மா திருதிருவென்று விழித்தாள். பிறகு எவர்சில்வர் சொம்பைக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு வாய் உறிஞ்சி, கொப்பளித்து, அதில் துப்பினான். அவன் அப்பாவும் அதிலேயே. அவன் அம்மாவும் அதிலேயே. கருமம், கருமம்! விளக்கேற்றி வைத்திருக்கிற வீட்டில், நடு ஹாலில், மூன்று பேர் எச்சில் நுரைத்துக்கொண்டு கிடந்தது.

எனக்கும் ஊற்றினான். "டோஸ்ட் வாசனை வருதா? பச்சை ஆப்பிள்?" எனக்கு வந்தது, ஃப்ரிட்ஜில் மறந்துபோன இட்லி மாவின் வாசனை. நுரை மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தச் சொம்பில் துப்ப மனசு வராமல் முழுங்கித் தொலைத்தேன்.

இரண்டாவது பாட்டிலிலேயே சொம்பு நிரம்பிவிட்டது. அவன் போனைப் பார்த்தபடியே அதைத் தூக்கி அம்மா பக்கம் நீட்டினான். "ஆன்ட்டி, கொட்டிட்டு வாங்க."

அம்மா எழுவதற்குள் அப்பா பாய்ந்தார். "குடுங்க மாப்பிள்ளை, நான் போறேன்." நான் கடித்த பிஸ்கெட்டைக்கூடத் தொடாத மனுஷன்! இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். விரலெல்லாம் வழிந்தது. சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் எனக்கு நிஜமாகவே குமட்டியது.

அப்பா திரும்பி வந்து உட்காரும்போது அவன் என்னிடம் கேட்டான். "எப்படி, பிடிச்சிருக்கா?"

"பிடிக்கலை."

"ஒயினா?" என்று சிரித்தான்.

"ஒயினும்தான்."

அவர்கள் போன பிறகு அப்பா வீட்டை இரண்டாக்குவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. குழாயடியில் நின்று சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"கொஞ்சம் பொறுத்திருக்கலாமேம்மா" என்றார். "நீ நல்லா இருப்பேன்னா, நான் தினமும்கூடத் தூக்குவேனே."

"தூக்குவீங்கப்பா. அதான் வேண்டாம்னேன்."